சுழி பார்க்கிறோம், குளம்பைப் பார்க்கிறோமா?

குதிரை வாங்கப் போகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று அரை நாள் ஆராய்ச்சி நடக்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவாரும் மார்வாரியும் வரிசைகட்டி நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். வாயைப் பிளந்து பல்லில் வயது பார்ப்பார்கள். நிறம் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள். காலைத் தூக்கி அடிக்குளம்பைப் பார்க்கிற ஆள் அபூர்வம்.

வாங்கிய குதிரை உழைக்கப்போவது என்னவோ அந்தக் குளம்பை வைத்துத்தான். மதுரைப் பக்கம் ஜட்கா ஓய்ந்துவிட்டது, ரேக்ளா ஓயவில்லை. ஊர்த் திருவிழா என்றால் பெரிய குதிரை, சிறிய குதிரை என்று பிரிவு வைத்து வண்டிப் பந்தயம் விடுகிறார்கள். போய்வர இத்தனை மைல் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். (கிலோமீட்டர் வந்து இத்தனை காலமாகியும் மைல் சாகாமல் இருப்பது பந்தய நோட்டீஸில்தான்.) அத்தனை தூரமும் தார்ச்சாலை. சமயநல்லூர், தேனூர்ப் பக்கம் வண்டிப்பாதையும் வைகை மணலும் இருந்த காலம் வேறு. இன்று வாசலிலேயே திண்டுக்கல் நாற்கரச் சாலை கிடக்கிறது. குதிரையைப் பழக்குவதும் தாரில், ஓட்டுவதும் தாரில்.

குதிரையின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் இரண்டும் சுமக்கின்றன. முட்டிக்குக் கீழே தசை என்று சொல்ல ஒன்றுமில்லை. எலும்பு, மூட்டு, தசைநாண், அவ்வளவுதான். ஓடும்போது விழுகிற ஒவ்வொரு அடியின் அதிர்வையும் முதலில் குளம்பு வாங்கிக்கொள்ள வேண்டும். அது வாங்காததை மூட்டு வாங்கும். மணலில் அதிர்ச்சியில் ஒரு பங்கு தரையிலேயே போய்விடும். தாரில் அது அப்படியே மேலே ஏறும். மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி, எண்ணெய், பவுடர் என்று தேடி அலைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குளம்பைத்தான்.

குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருப்பது. மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். லாடம் அடித்த குளம்பு தரையில் தேயாது என்பதால் முன்பக்கம் நீண்டுகொண்டே போகும். நுனி நீண்டால் கால் ஊன்றும் கோணம் மாறி, பின்பக்கத் தசைநாணை இழுக்கும். ஆகவே லாடம் தேயாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றி, குளம்பைச் சீவித் திரும்ப அடிக்க வேண்டும். இங்கே நடப்பது என்ன? லாடம் தானாகக் கழன்று விழுந்தால்தான் லாடக்காரர் நினைவுக்கு வருகிறார்.

வந்தாலும் அவர் பெரும்பாலும் மாட்டுக்கு லாடம் அடிப்பவர். சமயநல்லூரில் ஒரு வேப்பமரத்தடியில் அப்படி ஒருவர் குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பார்கள். பிளவுபட்ட குளம்பு, காலுக்கு இரண்டு தகடு. குதிரையோ நின்றபடியே காலைக் கொடுக்கும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, லாடக்காரர் குதிரையின் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, பழைய ஆணிகளைக் குறடால் பிடுங்கினார். உளியால் சீவி, அரத்தால் ராவி மட்டம் பார்த்தார். குளம்பின் அடியில் வெளிறிய கோடு ஒன்று சுற்றிவரும். அதற்கு வெளியேதான் ஆணி இறங்க வேண்டும். உள்ளே போனால் சதை. ஒவ்வோர் ஆணியும் சாய்வாக ஏறிக் குளம்பின் பக்கவாட்டில் நுனி நீட்டியது. அதை முறுக்கி ஒடித்து மடக்கிவிட்டார். சுத்தியல் சத்தம் மாறும்போதெல்லாம் கை நின்று, பிறகே அடுத்த அடி. இந்தக் காது எந்தப் பாடப்புத்தகத்தில் வரும்?

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதில் ஒரு புகார் உண்டு. அரசனும் அவன் சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை இறக்குகிறார்கள். வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. காரணம், பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடிப்பவரும் இல்லை என்கிறார். வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்களே லாடக்காரர்களை இங்கே வரவிடவில்லையாம். பயணியின் மிகைப்படுத்தல் இருக்கத்தான் செய்யும். ஆனால் குதிரைக்கு இறைச்சியும் சோறும் சேர்த்து வேகவைத்துப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். மாவுச்சத்து அளவுக்கு மீறினால் குளம்புக்குள் வீக்கம் வரும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் அறிந்த விஷயம். பந்தயத்துக்கு முந்தின வாரம் தானியத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளம்பு சூடாக இருந்து, குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். லாயத்தில் மூத்திர ஈரம் தேங்கினால் வேறொரு வினை: அடிக்குளம்பு அழுகிக் கறுத்து நாறும். அதற்கு மருந்தைவிடக் காய்ந்த தரை மேல்.

இத்தனை தொல்லைக்குக் குதிரை வேலையையே நிறுத்திவிடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் காலணி போதும் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். இன்றைக்கு உழைத்துக்கொண்டிருக்கும் குதிரைக்கு நாளைக்கே லாடம் மாற்ற வேண்டுமே, யார் மாற்றுவது? 1965-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளில், வண்டி இழுக்கும் விலங்கை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது என்றிருக்கிறது. நேரத்துக்கும் வெயிலுக்கும் கணக்கு உண்டு. லாடக்காரருக்கு உரிமம் வேண்டும் என்றும் அதே ஆண்டு தனி விதி வந்தது. ஆனால் ஆள் எங்கே? ராணுவம் தன் குதிரைகளுக்கு லாடம் அடிக்கத் தனியே ஆள் பழக்குகிறது. நம் பக்கத்து லாடக்காரக் கிழவர்களின் பிள்ளைகளோ சுத்தியலைத் தொடுவதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங்குக்கு இடமிருக்கும்போது இதற்கும் ஒரு மூலை ஒதுக்கினால் என்ன?

அதுவரை பந்தயக் கமிட்டியார் ஒன்று செய்யலாம். பரிசுத் தொகையில் கொஞ்சம் எடுத்து, கொடி அசைக்கும் இடத்தில் ஒரு லாடக்காரரை உட்கார வையுங்கள். நாலு காலையும் தூக்கிப் பார்த்து அவர் தலையாட்டாத குதிரையை வரிசையில் நிறுத்தாதீர்கள்.