மாடித் தொட்டியில் செண்பக மரம்! சுண்ணாம்புத் தண்ணீர்தான் எதிரி

செண்பகத்தைத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும். சேலத்திலும் முடியும், நாமக்கல்லிலும் முடியும். ஆனால் வாங்குகிற கன்றும் ஊற்றுகிற தண்ணீரும் சரியாக அமைய வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் பணமும் போச்சு, செடியும் போச்சு.

அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, கிச்சிப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக் கிடக்கிறது. வாசல்படி இறங்கினால் சாக்கடை. சாக்கடை தாண்டினால் தெரு. மரம் வைக்க மண் எங்கே இருக்கிறது? நாமக்கல் கோட்டைப் பக்கமும் இதே கதைதான். மிச்சம் இருப்பது மொட்டை மாடி. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு அதுவும் வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான்!

தொட்டி மரத்தில் ஒரு வசதி உண்டு. ஆபீசில் மாற்றல் உத்தரவு கையில் வந்தால், கட்டில் பீரோவோடு அதையும் டெம்போவில் ஏற்றிவிடலாம். தரையில் வைத்த மரத்தை அப்படிக் கொண்டு போக முடியுமா?

சம்பங்கி வேறு, செண்பகம் வேறு

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் போய் "சம்பங்கி" என்று கேட்டால், வெள்ளை வெளேரென்று நீட்டக் காம்புப் பூவை நிறுத்துக் கொடுப்பார்கள். அது கிழங்கு வைத்து வளர்க்கிற செடி. மெக்சிகோ நாட்டுச் சரக்கு. செண்பகத்துக்கும் அதற்கும் உறவே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. கன்னடத்தில் செண்பகத்துக்குச் சம்பிகே என்று பெயர். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடு என்றே ஒரு ரோடு உண்டு. தெலுங்குக்காரர்கள் சம்பங்கி என்பார்கள். சேலத்தில் இரண்டு பாஷையும் பேசுகிற வீடுகள் ஏராளம். பாட்டி சொன்ன சம்பங்கி ஒன்று, பேத்தி வாங்கி வந்த சம்பங்கி வேறொன்று!

செண்பகம் பெரிய மரம். காட்டில் நூறு அடி தாண்டி வளரும். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பூ. மல்லிகையை முழம் போட்டு விற்பார்கள். செண்பகத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் விற்பார்கள். அத்தனை கிராக்கி!

திருநாகேசுவரத்திலும் மன்னார்குடியிலும் இதுதான் தலமரம். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி இருப்பது தெரிந்ததே. சங்க காலத்துக் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற பூக்களின் வரிசையிலும் இது இருக்கிறது.

அமெரிக்கப் பங்காளி

1753-ல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு மைக்கீலியா என்று பெயர் வைத்தார். மிக்கேலி என்ற இத்தாலி நாட்டுத் தாவர அறிஞரின் ஞாபகமாக வந்த பெயர் அது. பழைய காலேஜ் புத்தகங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். இப்போது மக்னோலியா கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். மக்னோல் என்பவர் பிரான்சில் மான்பெலியே நகரத்தில் இருந்த தாவரப் பேராசிரியர்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக்கு "மக்னோலியா மாநிலம்" என்றே பட்டப்பெயர். அங்கே பூப்பது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைப் பூ. குளிர்ந்த மலை ஊர்களுக்கு அது சரிப்படும். நம் சமவெளி வெயிலுக்கு ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். அதன் பங்காளி செண்பகம் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு?

"எப்பப் பூக்கும்?"

நர்சரிகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

"ஏனுங்கண்ணா, இது எப்பப் பூக்கும்?"

"அடுத்த வருஷமே பூத்துருங்க்கா. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

அக்காவும் எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வருஷம் வரும், போகும். செடி வளரும். பூ வராது.

வியாபாரி சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஓரிரு வருஷத்தில் பூக்கும். கொடுத்தது விதைக்கன்றாக இருந்தால்? தரையில் வைத்தாலே ஏழு, எட்டு வருஷம் ஆகும். பத்தும் ஆகலாம். தொட்டியில் வைத்தால் பூக்காமலே போனாலும் போகும்.

பார்த்து வாங்குவது எப்படி? கன்றின் தண்டை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போங்கள். மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் முடிச்சு மாதிரி ஒரு புடைப்பு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாடா சுற்றிய தழும்பு இருந்தால் இன்னும் நல்லது. அதுதான் ஒட்டுப்போட்ட இடம். அடியிலிருந்து நுனி வரை ஒரே வழவழப்பாகப் போனால் அது விதைக்கன்று. பேசாமல் திரும்பி வாருங்கள். இரண்டடிக் கன்றில் மொட்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம், பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டால் இரக்கப்படாமல் கிள்ளி எறியுங்கள். அது அடிக்கன்றின் துளிர். அதை விட்டால் மேலே இருக்கிற ஒட்டைப் பட்டினி போட்டுவிடும்.

நர்சரிகளுக்கு ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்தும், கேரளத்தில் திருச்சூர் பக்கத்து மண்ணுத்தியிலிருந்தும் லாரியில் கன்றுகள் வருவது வழக்கம். வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டை பிடித்து வைத்திருப்பார்கள். அப்படியே தொட்டியில் இறக்கினால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். மேல் மண்ணை ஈரமாக்கி மெதுவாகச் சுரண்டிவிட்டு வையுங்கள். உடைத்து நொறுக்கக் கூடாது. செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது. ஒடிந்தால் சுலபத்தில் தேறாது.

இலை மஞ்சளானால்...

கன்று சரியாக அமைந்தும் செத்துப்போகிற செடிகள் உண்டு. என் வீட்டில் முதல் செடியைக் கொன்றது நான்தான்.

ஆறு மாதம் நன்றாக இருந்தது. பிறகு துளிர் இலை மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சை. நடுவில் எல்லாம் எலுமிச்சம்பழ நிறம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றினேன். இன்னும் மஞ்சளானது. உரம் வைத்தேன். இலை ஓரம் கருகியது. கடைசியில் குச்சிதான் மிச்சம்.

ஊற்றியது போர் தண்ணீர். அதுதான் விஷயம்.

செண்பகம் ஈரமான மலைக்காட்டு மரம். இலை மக்கிக் கொஞ்சம் புளிப்பேறின மண்தான் அதற்குப் பிடிக்கும். நம் ஊர் நேர் எதிர். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பக்கம் வெள்ளை வெளேரென்று தெரிகிறதே, மாக்னசைட் வெட்டுகிற குன்றுகள், அவற்றைப் பார்த்தாலே புரியும். நாமக்கல் பக்கம் போர் போட்டால் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அதே வெள்ளை தொட்டி மண்ணிலும் படிகிறது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. இலை மஞ்சளாவது அதனால்தான்.

வழி என்ன? மேட்டூர் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளில் அதையே ஊற்றலாம். ஒரு தொட்டிக்கு ஒரு குடம் தாராளம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம். குடிநீர் மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகிற தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. அதில் உப்பு இன்னும் கூடுதல். வீணாகிறதே என்று செடிக்குத் திருப்பி விடுகிற வீடுகளைப் பார்க்கிறோம். மிச்சம் பிடிக்கப் போய்ச் செடியைக் கொல்கிற வேலை அது.

மஞ்சள் வந்துவிட்டால் மருந்து இருக்கிறது. அன்னபேதி! உரக்கடையில் கேளுங்கள், நாட்டு மருந்துக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் போட்டு, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை. அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும். துருப் பிடித்த மாதிரி பழுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். தெளிக்கும்போது மாடித் தரையில் சிந்தினால் கறை போகாது. வீட்டுக்காரரிடம் யார் பேச்சு வாங்குவது?

பழுத்துக் கீழே விழுகிற பழைய இலைக்குக் கவலை வேண்டாம். துளிரைத்தான் கவனிக்க வேண்டும்.

கோழி எரு வேண்டாம்!

நாமக்கல்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கோழி எரு அங்கே சல்லிசாகக் கிடைக்கிறது. தென்னைக்குப் போடுகிறோம், வாழைக்குப் போடுகிறோம், செண்பகத்துக்குப் போட்டால் என்ன என்று தோன்றும். முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் சேர்க்கிறார்கள். முட்டை ஓடு கெட்டியாக இருக்க வேண்டுமே! அந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கு எருவில் வந்து சேருகிறது. எருவுக்குச் சூடும் அதிகம். செண்பகத் தொட்டியில் அதைப் போட்டால், போர் தண்ணீர் செய்கிற கெடுதலை இன்னும் சீக்கிரம் செய்துவிடும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதும் கூடாது. ரோஜாவுக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

செம்மண் ஒரு பங்கு, மக்கின இலை ஒரு பங்கு, கழுவின தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. கையளவு வேப்பம் புண்ணாக்கு. இது போதும். பூக்கிற காலத்தில் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒரு தடவை ஊற்றலாம். ஊறவைத்த பாத்திரத்தை மூடி வையுங்கள். நாற்றம் அடுத்த வீடு வரை போகும்.

எந்தத் தொட்டி?

மண் தொட்டிதான் முதல் தரம். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி தங்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி அடுப்பு மாதிரி காயும். புதுச் சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். வேறு வழியில்லை என்றால் அதைப் பத்து நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டு உபயோகிக்கலாம். தொட்டிக்கு உள்ளே வெள்ளையடிக்கவே கூடாது.

முதலில் பன்னிரண்டு அங்குலத் தொட்டி. ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பதினெட்டு அங்குலம். எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் தேங்கி வேர் அழுகும்.

பதினெட்டு அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு ஒரு மூட்டை சிமெண்டைவிடக் கனமாக இருக்கும். மாடி நடுவில் வைக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ வருகிற இடமாகப் பார்த்து ஓரத்தில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் கொடுத்தால் தளத்துச் சூடு வேருக்கு ஏறாது.

காலை வெயில் பதினோரு மணி வரை படட்டும். அதற்கு மேல் நிழல் வேண்டும். மேற்குப் பார்த்த சுவர் ஓரம் ஆகவே ஆகாது. பங்குனி, சித்திரை அனல் காற்றில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் மொட்டு முழுதும் உதிர்ந்துவிடும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஆளுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை விட்டுப் புதராக நிற்கும்.

பாம்பு வருமா?

வாசனை மரம் வைத்தால் பாம்பு வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வரும். மாடியில் பழைய சாமானைக் குவித்து எலி வளர்க்காமல் இருந்தால் போதும்.

உண்மையில் வருவது வேறு ஆசாமி. இலையில் பச்சைப் புழு இருந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். நெட்டிலிங்க மரத்திலும் இதே புழு இருக்கும். கறுப்பில் பச்சைப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சியாகப் பறந்துவிடும். நாலு இலை போனால் போகட்டும். தண்டில் எறும்பு வரிசை ஏறினால்தான் உஷாராக வேண்டும். மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் கலந்து தண்ணீரில் அடித்துத் தெளிக்கலாம்.

தொட்டிச் செண்பகத்தில் கூடைக் கணக்கில் பூ எதிர்பார்க்கக் கூடாது. கோடை மழைக்குப் பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த ஒன்று போதும், மாடிப்படி வரைக்கும் மணக்க. அந்தி நேரத்தில் வாசனை தூக்கலாக இருக்கும். ஆபீசும் கடையும் விட்டு வீடு திரும்புகிற நேரம்!

தலையில் வைத்தால் மறுநாளே வாடிப் பழுப்பாகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பூவை முழுதும் அமிழ்த்தி மூடி வைத்தால், மணம் போனாலும் நிறமும் அழகும் பல நாள் நிற்கும். பழைய வீடுகளின் மாடத்தில் இப்படி ஒரு பாட்டில் இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.