வீடியோ மாஸ்டருக்குக் கண் கிடையாது!

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் பாட்டு, படம், கேம்ஸ் என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம் வேலை, படிப்பு என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்போம். மூன்றாவது மாதம் பேண்ட் இறுக்க ஆரம்பிக்கும். உடனே என்ன செய்வோம்? அதே கம்ப்யூட்டரில் யூடியூபைத் திறந்து "வீட்டிலேயே தொப்பையைக் குறைப்பது எப்படி?" என்று தேடுவோம். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம், யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. ஒரு கிளிக் போதும்.

நானும் அப்படித்தான் கிளிக் செய்தேன். சாஃப்ட்வேர் என்ஜினீயர் வேலை, பேட்டையில் சொந்த வீட்டில் இருந்தே பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மானிட்டர் முன்னால். 45 நாள் பயிற்சித் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, தார்சாவில் இருந்த நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு ஆரம்பித்தேன். மூன்று நாள் பிரமாதமாகப் போனது. நான்காம் நாள், ஒரு காலை முன்னால் வைத்து, குதித்து, காற்றிலேயே கால் மாற்றி இறங்கும் பயிற்சி. வீடியோவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே செய்தார். எனக்குப் பதினைந்தாவது குதியில் வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. உள்ளேயிருந்து ஆச்சி, "ஏல, என்னத்தல போட்டு உடைச்ச?" என்று கேட்டாள். உடைந்தது எதுவும் இல்லை, நல்லவேளை. ஆனால் முழங்கால் வீங்கி, ஏழு வாரம் மாடிப்படி ஏறாமல் இருந்தேன்.

இதில் வீடியோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அதைப் பார்த்த விதம்தான் தவறு. சின்ன வயதில் சிலம்பம் பழகப் போனபோது வாத்தியார் பக்கத்திலேயே நிற்பார். கால் வைப்பு தப்பினால் கம்பு நுனியால் காலைத் தட்டுவார். மூச்சு வாங்கினால் "போய் உட்காரு" என்பார். வீடியோவில் இருக்கும் மாஸ்டர் "சூப்பர், இன்னும் பத்து!" என்று சொல்லும்போது நான் தரையில் விழுந்து கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே அந்த வாத்தியார் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதற்கான வசதிகள் கையிலேயே இருக்கின்றன. அதைப் பார்ப்பதற்கு முன், இந்தப் பயிற்சிகள் யாருக்காக வந்தவை என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

யாருக்காக வந்தது இது?

ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் டிரெய்னிங், சுருக்கமாக 'ஹிட்'. கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி முழு வேகம். இதில் மிகவும் பெயர் பெற்றது 'டபாடா' முறை. ஜப்பானைச் சேர்ந்த இசுமி டபாடா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது. 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு சுற்று. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள இளைஞர்கள். அவர்கள் செய்தது நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். சைக்கிளில் கால் பெடலை விட்டு எழும்புவதே இல்லை, தரையில் வந்து மோதுவதும் இல்லை. இன்றைய வீடியோக்களில் நேரக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. சைக்கிள் போய், குதியும் பஸ்கியும் வந்துவிட்டன. குதித்து இறங்கும்போது முழங்கால் தாங்க வேண்டிய பாரம் உங்கள் உடல் எடையைப் போலப் பல மடங்கு.

'பர்பீ' என்ற பயிற்சியின் கதை இன்னும் வேடிக்கை. குனிந்து, கையூன்றி, காலைப் பின்னால் நீட்டி, மறுபடி எழும் இதை 1930-களில் அமெரிக்காவின் ராயல் பர்பீ உருவாக்கினார். ஒருவரின் உடல்தகுதியைச் சோதிக்க அவர் செய்யச் சொன்னது நான்கே நான்கு முறை. அதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் பார்த்த வீடியோ அதை 50 முறை செய்யச் சொன்னது, அதுவும் குதி சேர்த்து!

டிவிடி காலத்தில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட 'பி90எக்ஸ்' 90 நாள் திட்டத்தில் இரண்டு நல்ல விஷயங்கள் இருந்தன. ஆரம்பிக்கும் முன் உங்களால் முடியுமா என்று பார்க்க ஒரு தகுதிச் சோதனை. பிறகு, மூன்று வாரம் கடுமையாகச் செய்தால் நான்காவது வாரம் இலேசான பயிற்சி. நம் ஆட்கள் முதலில் தாண்டிப்போவது இந்த இரண்டையும்தான். புது சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது ஒன்றையும் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டுகிறோமே, அந்தப் பழக்கம்!

அடிபடுவது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 முதல் 2016 வரையிலான ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பர்பீ, தண்டால் போன்ற இந்த வகைப் பயிற்சிகளாலும் அதற்கான எடைக் கருவிகளாலும் ஏற்பட்ட காயங்கள் சுமார் 40 லட்சம் என்று கணக்கிட்டார்கள். அதிகம் அடிபட்டவை முழங்கால், கணுக்கால், தோள்பட்டை.

முதல் நாள் உட்கார்ந்தே பாருங்கள்

முதல் தடவை வீடியோவை நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே கடைசி வரை பாருங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் செய்யும்போதுதான் திடீரென்று திரும்புகிறோம், தவறாகக் கால் வைக்கிறோம். பல வீடியோக்களில் ஓரமாக ஒருவர் குதிக்காமல், எளிதான முறையில் செய்துகொண்டிருப்பார். முதல் மாதம் நீங்கள் பின்பற்ற வேண்டியது அவரைத்தான். நடுவில் நிற்கிற ஹீரோவை அல்ல.

அடுத்தது வேகம். யூடியூபில் வீடியோவின் கீழே இருக்கும் பல்சக்கர ஐகானை கிளிக் செய்து, பிளேபேக் ஸ்பீடு என்பதில் 0.75 வையுங்கள். டவுன்லோட் செய்த ஃபைல் என்றால் விஎல்சி பிளேயரில் திறந்து [ கீயைத் தட்டத் தட்ட வேகம் குறையும், ] கீ கூட்டும், = கீ பழைய வேகத்துக்கே கொண்டுவந்துவிடும். பாட்டு கொஞ்சம் இழுவையாகக் கேட்கும், பரவாயில்லை. மெதுவாகச் சரியாகச் செய்ய முடியாத ஒன்றை வேகமாகச் சரியாகச் செய்ய முடியாது.

ஸ்பேஸ் பாரை மறக்காதீர்கள். அதைத் தட்டினால் வீடியோ நிற்கும். என்னைக் கேட்டால் கீபோர்டிலேயே மிக முக்கியமான பாதுகாப்புச் சாதனம் அதுதான். மூச்சு வாங்குகிறதா, தட்டுங்கள். வயர்லெஸ் கீபோர்டு அல்லது மவுஸ் இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் தரையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால், புதியவர்களுக்கு அது அளவு மீறிய வேகம். இரண்டு மூன்று வார்த்தையாவது சேர்ந்தாற்போல் வர வேண்டும்.

மானிட்டரை மேஜை மேலேயே வைத்துவிட்டுத் தரையில் பயிற்சி செய்பவர்கள் இன்னொரு தப்பு செய்கிறார்கள். தண்டால் நிலையில் இருந்துகொண்டே தலையைத் தூக்கித் திரையைப் பார்ப்பார்கள். மறுநாள் கழுத்து திரும்பாது. லேப்டாப் என்றால் தரையில், முகத்துக்கு நேர் கீழே சற்று முன்னால் வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் தரைப் பயிற்சியின்போது திரையைப் பார்க்காதீர்கள், சத்தத்தை மட்டும் கேளுங்கள். அதற்குத்தான் முதலிலேயே ஒரு தடவை பார்க்கச் சொன்னது.

வெப்கேமராவுக்கு ஒரு நல்ல வேலை

வீடியோ கால் தவிர வேறு எதற்கும் பயன்படாமல் இருக்கிறதே, அந்த வெப்கேமரா, அதுதான் உங்கள் வாத்தியாரின் கண். விண்டோஸில் கேமரா என்ற புரோகிராம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திறந்து வீடியோ ஐகானைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் பத்து பஸ்கி எடுப்பதை முன்பக்கம் இருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பதிவு செய்யுங்கள். பிறகு நிதானமாகப் போட்டுப் பாருங்கள்.

முன்பக்கப் பதிவில் முழங்காலைப் பாருங்கள். கீழே இறங்கும்போது அது கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு உள்ளே வந்தால் அங்கேதான் ஆபத்து. எனக்கு நடந்தது இதுதான், பிறகு பதிவு செய்து பார்த்தபோது அப்பட்டமாகத் தெரிந்தது. பக்கவாட்டுப் பதிவில் முதுகைப் பாருங்கள். தண்டால் எடுக்கையில் இடுப்பு தொட்டில் போலத் தொங்கினால் கீழ்முதுகு வலி நிச்சயம். எத்தனையாவது முறையில் இந்தக் கோணல் ஆரம்பிக்கிறது என்று எண்ணுங்கள். எட்டாவதில் என்றால், உங்கள் கணக்கு ஏழு. வீடியோ மாஸ்டர் இருபது சொன்னாலும் ஏழு!

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகியிருக்கும். நாற்காலியில் இருந்து எழுந்து நேராகக் குதிக்கப் போகாதீர்கள். பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, கை காலைச் சுழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து தேதி, செய்த நிமிடம், எங்கே வலித்தது என்று மூன்று காலம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிமிடங்களைத் தேர்ந்தெடுத்து ஆட்டோசம் பட்டனை கிளிக் செய்தால் வாரக் கணக்கு வந்துவிடும். கடுமையான பயிற்சி என்றால் வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. தினம் ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று ஆரம்பித்தால் 360 நிமிடம். பூஜ்யத்தில் இருந்து ஒரே வாரத்தில் 360! ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 நிமிடத்தில் தொடங்குங்கள். செயலிகள் சில, ஒரு நாள் விட்டுவிட்டால் போச்சு என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை முதலில் ஆஃப் செய்யுங்கள்.

நம் ஊர் வெயில்

குளிர்சாதன ஸ்டுடியோவில் எடுத்த வீடியோவை நாம் சித்திரை மாதத் திருநெல்வேலியில் போட்டுக் குதிக்கிறோம். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், லேப்டாப் நிற்காது. பேட்டரியில் ஓடிக்கொண்டே "கமான், கமான்" என்று கத்தும். ஃபேன் நின்றால் பயிற்சியையும் நிறுத்துங்கள். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. வியர்வை சிந்திய மொசைக் தரை எண்ணெய் கொட்டியது போல வழுக்கும், சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு குதித்தால் இன்னும் மோசம். வீட்டுக்குள் செருப்பு போடக் கூடாது என்பார்கள். நான் ஒரு ஜோடி ஷூவை வெளியே போடாமல் இதற்கென்றே வைத்திருக்கிறேன். ஆச்சி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

எப்போது டாக்டரிடம் போவது? பயிற்சி முடிந்த ஓரிரு நாளில் தசை முழுக்க ஒரு கனமான வலி வரும், மூன்று நான்கு நாளில் தானாகப் போய்விடும். அது சாதாரணம். மூட்டில் சுருக்கென்று ஒரே இடத்தில் வலித்தாலோ வீங்கினாலோ அது வேறு. வீங்கிய இடத்தில் துணி சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். கணுக்கால் பிசகி, நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் எண்ணெய் தடவிச் சுளுக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பிறகு கை கால் விறைத்து வீங்கி, சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பழக்கமில்லாத தசை அளவுக்கு மீறி உழைத்துச் சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். வெயிலும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், உடனே கவனித்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். நெஞ்சு வலி, தலை சுற்றல் வந்தாலும் இதே அவசரம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதல் வீடியோவுக்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

என்னுடைய 45 நாள் தொடர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்து, இப்போது ஐந்தாவது மாதம். 31-ஆம் நாள் பயிற்சியில் இருக்கிறேன்.