பொன் மணல் புன்னம்புழா

நீலகிரியின் நாடுகாணியில் நின்று மேற்கே பார்த்தால் மலை சட்டென்று சரிந்து நிலம்பூர்க் காடாக விரியும். தேவாலா பக்கம் ஆடியில் கொட்டும் மழை இந்தச் சரிவில்தான் இறங்குகிறது. கிழக்கே ஓடும் ஆறுகளையே பார்த்துப் பழகிய நமக்குப் பாண்டியாறும் புன்னம்புழாவும் புதுசு. இரண்டும் கூடி, சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலைச் சேர்கின்றன. 1877 வரை இந்த மண் மலபாரின் வயநாட்டில் இருந்தது. பிறகுதான் நீலகிரியில் சேர்த்தார்கள். எல்லைதான் மாறியது, ஆற்றைக் குறிக்கும் மலையாளச் சொல்லான ‘புழா’ பெயரில் அப்படியே நின்றுவிட்டது.

இந்த ஆறுகளின் மணலில் தங்கம் உண்டு. மலைக்குள் ஓடும் குவார்ட்ஸ் பாறை உளுத்து உதிர, பொன் துகளாக ஓடைக்கு வருகிறது. தண்ணீரைவிட 19 மடங்கு கனம் என்பதால், நீர் வேகம் குறையும் வளைவுகளில் தங்கிவிடும். இங்குள்ள பழங்குடிகளான பணியரும் குறும்பரும் தலைமுறைகளாக இதை அறிவார்கள். மரவி என்ற மரத்தட்டில் மணலை அள்ளி, ஓட்டத்தில் வைத்து மெல்லச் சுழற்றுவார்கள். முதலில் கலங்கல் போகும், அடுத்து வெள்ளை மணல். கடைசியில் ஒரு சிட்டிகை கருமணல் நிற்கும். அதன் ஓரத்தில், கடுகைவிடச் சின்னதாக ஒரு மினுக்கம். அதற்காக முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்றிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களுக்குத் துகள் போதவில்லை, மலையே வேண்டியிருந்தது. 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து சுரங்க நிபுணர் ராபர்ட் பிரஃப் ஸ்மித்தை வரவழைத்தார்கள். இங்குள்ள தங்கத்தைப் பற்றிய அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் பித்துப் பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம்! தாது எவ்வளவு என்று தெரியும் முன்பே கல் இடிக்கும் எந்திரங்கள் மலையேறின. மேலே கண்ட பொன் ஆழத்தில் இல்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

சுரங்கங்கள் மட்டும் மிச்சம். தேயிலைக்கும் புதருக்கும் நடுவே வாய் திறந்து கிடக்கின்றன. பொன் தேடி இன்னும் ஆட்கள் இறங்குகிறார்கள்; மண் சரிந்து செத்தும் போகிறார்கள். துகளைச் சேர்க்கப் பாதரசம் கலந்து, அதை நெருப்பில் காய்ச்சி, அந்தப் புகையை மூச்சில் இழுக்கிறார்கள். கம்பெனிகள் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குழிகளை இன்னும் முழுசாக அடைக்காமல் விட்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆடி மழையில் அவை நிரம்பிவிட்டால் விளிம்பு எது, வழி எது என்று தெரியாது.