நிலத்தை அடமானம் வைக்கும் முன்... பாராமெடிக்கல் படிப்புக்கு ஒரு வரவு-செலவுக் கணக்கு!

‘மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கடலையும் துவரையும் போடுகிறோம். மகள் பிளஸ் டூ-வில் பயாலஜி பிரிவில் தேறியிருக்கிறாள். லேப் டெக்னாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். தனியார் கல்லூரியில் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் ஆகும் என்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?’

ரிசல்ட் வரும் நேரத்தில் நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் இப்படிப்பட்ட கேள்விகளும் இருக்கும். நான்கு வரியில் பதில் சொல்லும் விஷயமில்லை என்பதால், விரிவாகவே பார்த்துவிடுவோம்.

புது ரக விதை வந்தால், கடைக்காரர் சொல்லும் மகசூலை நாம் அப்படியே நம்புவதில்லை. போன வருடம் போட்டவரின் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம். படிப்புக்கும் அதே நிதானம் தேவை. எத்தனை வருடம், எவ்வளவு செலவு, முதல் சம்பளம் எவ்வளவு... இந்த மூன்றும் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

படிப்பு எத்தனை வருடம்?

டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி லேப் டெக்னாலஜி என்பது மூன்று வருடப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருடக் கட்டாயப் பயிற்சி. பிசியோதெரபி நான்கு வருடப் படிப்பு, அதன் மேல் பயிற்சிக் காலம். டிப்ளமோ லேப் டெக்னாலஜி இரண்டு வருடம். பயிற்சிக் காலத்தில் சம்பளம் வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். விடுதி, சாப்பாட்டுச் செலவு அப்போதும் உண்டு.

நான்கு லட்சம் எப்படி வளர்கிறது?

வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம் கல்விக்கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவிகிதம். படிக்கும் காலத்திலும், முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000 ரூபாய், அடுத்ததற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, கடைசிக்கு 20,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய் வட்டி. தவணை ஆரம்பிக்கும்போது கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும்.

இதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 8,50,000 ரூபாயைத் தாண்டும். பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டால் தவணை சுமார் 5,800 ரூபாயாகக் குறையும். ஆனால், மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டிவிடும்.

மனதில் வைக்க ஓர் எளிய கணக்கு: தவணை ஆரம்பிக்கும் நாளில் நிற்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும், 10 சதவிகித வட்டியில் பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 1,320 ரூபாய்.

சம்பளத்தை யாரிடம் கேட்பது?

கல்லூரி வாசலில் சொல்லும் சம்பளத்தை விட்டுவிடுங்கள். உங்கள் தாலுகா டவுனில் உள்ள இரண்டு லேப், ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு ஸ்கேன் சென்டர் என நேரில் போய், ‘படித்து முடித்து வரும் பிள்ளைக்கு முதல் வருடம் என்ன கொடுப்பீர்கள், டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் எவ்வளவு வித்தியாசம்?’ என்று கேளுங்கள். அதே கல்லூரியில் போன வருடம் முடித்தவர்களிடமும் விசாரியுங்கள்.

கணக்குக்காக, 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 7,140 போனால் பாதிச் சம்பளம் தவணைக்கே சரி. வெளியூரில் அறை எடுத்துத் தங்கினால், வீட்டிலிருந்துதான் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 3,750 ரூபாய். அதாவது, தவணை ஆரம்பிக்கும்போது கடன் 2,80,000 ரூபாய்க்குள் நிற்க வேண்டும்.

அரசு வேலையை நம்பிப் படிப்பவர்கள், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். சில பணிகளுக்குச் சான்றிதழ் அல்லது டிப்ளமோ படிப்பையே தகுதியாகக் கேட்கிறார்கள். அந்த வேலைதான் இலக்கு என்றால், டிகிரிக்காகக் கூடுதல் கடன் தேவையா என்று யோசியுங்கள்.

பயிர் நகைக்கடனில் கைவைக்காதீர்கள்!

அவசரத்துக்குப் பயிருக்கான நகைக்கடனை எடுத்துக் கல்லூரி ஃபீஸ் கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. அந்தக் கடனுக்குக் கெடு ஒரு வருடம். படிப்போ நான்கு வருடம். நடுவில் மழை பொய்த்தால், நகையும் மூழ்கும், படிப்பும் நிற்கும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வட்டிக்கடைக்குப் போகும் முன், வங்கிக்குப் போய் வாருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு விதி வங்கிக்கு வங்கி மாறும். அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடனைக் குறைக்கும் வழிகள்

● மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்வுக்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள். அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதில் கிடைக்கும். அதற்கு முன்பே ‘சீட் தீர்ந்துவிடும்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுச் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

● அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைக்குப் ‘புதுமைப்பெண்’, ஆண் பிள்ளைக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒரு லட்சம் கடனுக்கு மாத வட்டி 833 ரூபாய். முதல் வருட வட்டியை இந்தப் பணத்திலேயே கட்டிவிடலாம். தவணை ஆரம்பிக்கும்வரை வட்டியை அவ்வப்போது கட்டி வந்தால், கடன் நான்கு லட்சத்திலேயே நிற்கும். தவணையும் 7,140-க்குப் பதில் சுமார் 5,290 ரூபாய்தான்.

● முதல் பட்டதாரிச் சலுகை, கல்வி உதவித்தொகை, வட்டி மானியம் எது பொருந்தும் என்று கல்லூரியிலும் வங்கியிலும் கேளுங்கள்.

● கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துணை மருத்துவத் துறைக்கு 2021-ல் மத்தியச் சட்டம் வந்து, பதிவு முறையும் வருகிறது. அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் பின்னால் சுமையாகிவிடும்.

கடிதம் எழுதிய வாசகருக்கு நம் பதில் இதுதான். படிக்க வையுங்கள், அதில் இரண்டாவது யோசனை வேண்டாம். ஆனால், முதலில் கலந்தாய்வு, அடுத்து டிப்ளமோ, மூன்றாவதாகத்தான் நான்கு லட்சக் கடன். இந்தக் கணக்கை மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்கள். நாளை தவணை கட்டப்போவது அவர்தான்.