கொழுப்புப் பெராக்சைடாக்கம்

கொழுப்புப் பெராக்சைடாக்கம் என்பது நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், இணையற்ற எலக்ட்ரானுடைய தனி உறுப்புகளின் வழியாக ஆக்சிசனேற்றமடையும் சங்கிலித் தொடர்வினை ஆகும். எண்ணெயில் சிக்கு வாடை தோன்றவும், உயிரணுச் சவ்வு சிதையவும் இவ்வினை காரணமாகிறது.

வினை நிகழும் முறை

* தொடக்கம்: ஒளி, வெப்பம் முதலியவற்றின் தூண்டலால் இரு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட கார்பன் ஓர் ஐதரசன் அணுவை இழக்கிறது, கொழுப்பு அமிலம் தனி உறுப்பாகிறது.
* பரவல்: அது ஆக்சிசனுடன் சேர்ந்து பெராக்சில் தனி உறுப்பாகிறது. இது அண்டை மூலக்கூறின் ஐதரசனைக் கவர்ந்து ஐதரோபெராக்சைடாக மாற, அங்கே புதிய தனி உறுப்பு தோன்றுகிறது. எனவே ஒரே தொடக்கம் பல மூலக்கூறுகளைச் சிதைக்கிறது.
* முடிவு: இரு தனி உறுப்புகள் இணைகையில் சங்கிலி அறுகிறது.

தடுப்பு

உயிர்ச்சத்து ஈ பெராக்சில் தனி உறுப்புக்குத் தன் ஐதரசனை அளித்துச் சங்கிலியை அறுக்கிறது. நல்லெண்ணெயிலுள்ள செசமாலும் அவ்வாறே செயற்படுகிறது. உயிரணுவில் தடுப்பு தவறினால் இறப்பு நேரலாம். இரும்பைச் சார்ந்து நிகழும் அவ்வகை இறப்புக்கு 2012இல் பெரோப்டோசிசு எனப் பெயரிடப்பட்டது.