ஒரே குளம், இரண்டு மடை!



எங்க அச்சன்புதூர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணி பாய்ச்ச முறை உண்டு. குளம் ஒன்று, மடை இரண்டு. ஆளாளுக்கு மடையைத் திறந்தா கடைசி வயல் காயும், சண்டையும் வரும். மெயின்ஃபிரேமும் யூனிக்ஸும் ஒரே டிஸ்க்கைப் பகிர முடியுமா என்று படித்தபோது, இந்தக் குளம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வங்கி, இன்சூரன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்கைச் சுமப்பது மெயின்ஃபிரேம். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 அந்த வம்சம்தான். யூனிக்ஸ், லினக்ஸ், விண்டோஸ் கம்ப்யூட்டர்களை 'ஓப்பன் சிஸ்டம்' என்கிறார்கள். 1999-ல் ஐ.பி.எம். வெளியிட்ட 'ஷார்க்' சேமிப்புப் பெட்டியில் இரு தரப்பு வால்யூம்களையும் வைக்கலாம். அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! ஒரே வீட்டில் குடியிருப்பது வேறு; ஒரே உண்டியலில் கைவைப்பது வேறு.

முதல் தடை, அமைப்பு. ஓப்பன் சிஸ்டம் டிஸ்க்கை வழக்கமாக 512 பைட் கட்டங்களாகப் பார்க்கும். மெயின்ஃபிரேமின் 'சி.கே.டி.' முறையில் ரெக்கார்டுகள் வேறு வேறு நீளத்தில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் நீளம் குறித்திருக்கும்.

இரண்டாவது, எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' ஆஸ்கியில் 65. மெயின்ஃபிரேமின் எப்சிடிக்கில் 193. "அட்டவணை வைத்து மாத்திட்டா போச்சு" என்று நினைக்காதீர்கள்! பணத்தொகை பெரும்பாலும் 'பேக்டு டெசிமல்' முறையில், ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக இருக்கும். 12,345 என்ற தொகைக்கு, கூட்டல் குறியும் சேர்த்து மூன்றே பைட். அதையும் எழுத்தென்று நினைத்து மாற்றினால் தொகையே கெட்டுப்போகும். எது எழுத்து, எது எண் என்பது கோபோல் புரோகிராமில் உள்ள ரெக்கார்டு விளக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய தடை: முறை. மெயின்ஃபிரேம் ஒரு ரெக்கார்டைப் பூட்டி வைத்தாலும், அந்தப் பூட்டு யூனிக்ஸுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் கணக்கு அழியும். படிப்பது மட்டும் என்றாலும், தன் நினைவகத்தில் உள்ள பழைய பிரதியையே அது நம்பிக்கொண்டிருக்கலாம்.

அதனால் மூன்று வழிகள் உண்டு. ஒருவர் மட்டும் எழுத, மற்றவர் படிப்பது; ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பது; அல்லது டிஸ்க்கைத் தொடாமல், அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்குவது.

கடைசி வழிக்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ரயில்வே. ரயில்வே முன்பதிவு வளர்ந்தது வாக்ஸ் கம்ப்யூட்டர்களில். அவை மெயின்ஃபிரேம் அல்ல, ஆனால் பிரச்சினை அதேதான். 2002-ல் இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தபோது, இணையதளம் தனக்கென்று ஒரு பெர்த் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முன்பதிவு அமைப்பிடமே கேட்கிறது. அதனால்தான் தென்காசி ஸ்டேஷன் கவுண்டரில் நிற்பவருக்கும் செல்போனில் தட்டுபவருக்கும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரே பெர்த் விழுவதில்லை.

நண்பர்களே, நாளை வேலைக்குப் போய் இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கச் சொன்னால், கேபிளை எடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "இந்த மடைக்கு நீர்பாய்ச்சி யார்?"