இருளில் ஒரு பசுமைப் பெட்டகம்

தென்சீனத்தின் குவாங்சி தன்னாட்சிப் பகுதியில் ஃபெங்ஷான் என்றொரு மலைவட்டம் உள்ளது. கூம்புகளாகவும் தூண்களாகவும் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளே அதன் நிலத்தோற்றம். அக்குன்றுகளின் வயிற்றில் குகைகள் பல. பகலவன் ஒளி எட்டியும் எட்டாமலும் இருக்கும் அக்குகைகளில் வாழும் பெரணி ஒன்றை லி-பிங் ஜாங், ஹை ஹெ என்னும் தாவரவியல் அறிஞர் இருவர் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தனர். அவ்வட்டத்தின் பெயராலேயே அதற்குப் ‘பாலிஸ்டிகம் ஃபெங்ஷானென்ஸ்’ எனப் பெயரிட்டனர்.

அது தனித்த ஒன்றன்று. அண்டை மாகாணமான குய்ஜோவின் குகைகளிலிருந்தும் அவர்கள் பாலிஸ்டிகம் ஸ்பெலுங்கிகோலா என்னும் பெரணியை விவரித்தனர். ‘குகையில் வாழ்வது’ என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். நிலம் உள்வாங்கியதால் உண்டான பெருங்குழி ஒன்றில் கிடைத்த மற்றொன்றுக்குக் ‘கிணற்றில் வாழ்வது’ என்னும் பொருளில் பாலிஸ்டிகம் புட்டெயிகோலா எனப் பெயர் அமைந்தது. இத்தகைய பெரணிகளின் உலகம் சில குகைகள். சிலவற்றுக்கு ஒரே ஒரு குழி.

ஒரு செடி ஏன் குகைக்குள் சென்று வாழ வேண்டும்? விடை பாறையிலிருந்தே தொடங்குகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை அரித்துக் குடைகிறது. கற்சுவர்களில் கசியும் அதே நீர் குகையின் காற்றை என்றும் ஈரமாக வைத்திருக்கிறது. வெளியே கோடை வாட்டினும் குளிர் நடுக்கினும், உள்ளே வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை.

குகை வாயிலில் வெளிச்சம் மிகுதி. ஆழத்தில் முழு இருள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்திப் பகுதியே பசுந்தாவரங்களின் எல்லை. அவ்வெல்லை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் குவாங்சியின் குகையொன்றில் கண்டறியப்பட்ட பைலியா கேவர்னிகோலா என்னும் பூக்கும் சிறுசெடி ஒரு சான்று. வெளியே பொழியும் கதிரொளியில் 0.04 விழுக்காடு மட்டுமே கிடைக்கும் இடத்திலும் அது வளர்கிறது. பத்தாயிரத்தில் நான்கு பங்கு வருவாயில் குடும்பம் நடத்தும் சிக்கனம் அது!

பெரணிகளுக்கோ நிழல் வாழ்வு பரம்பரைப் பழக்கம். பூக்கும் தாவரங்கள் பெருங்காடுகளாக ஓங்கியபோது, அவற்றின் நிழலிலேயே இன்றுள்ள பெரணி இனங்களுள் பெரும்பாலானவை கிளைத்துப் பெருகின. இதற்கு உதவிய காரணங்களுள் ஒன்றாக ‘நியோகுரோம்’ என்னும் ஒளியுணர் புரதத்தை அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். சிவப்பொளியையும் நீல ஒளியையும் ஒருங்கே உணர்ந்து, மங்கிய வெளிச்சத்தை நோக்கித் திரும்ப உதவுவது அது. அதற்கான மரபணு பெரணிகளிடம் தாமே தோன்றியதன்று; ஹார்ன்வொர்ட் எனப்படும் பாசி போன்ற எளிய தாவரங்களிடமிருந்து ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரணிகளுக்குத் தாவி வந்தது என அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அறிவித்தனர். பெரணிகள் வாங்கிய இந்தப் பழங்கடன், அவற்றின் வழித்தோன்றல்களுக்கு இன்றளவும் முதலாகப் பயன்படுகிறது.

ஈரமும் அவற்றுக்கு இன்றியமையாதது. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் பொட்டுப் பொட்டாக அமைந்த பைகளிலிருந்து தூசு போன்ற வித்துத்துகள்கள் உதிர்கின்றன. துகள் முளைத்தால் உடனே பெரணி தோன்றுவதில்லை. நகத்தைவிடச் சிறிய பசுந்தகடு ஒன்று உண்டாகிறது. அத்தகட்டின் மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆண் அணு நீந்திச் சென்று முட்டையைச் சேரும். புதிய பெரணி பிறக்கும். நீர் கசியும் கற்சுவர் அதற்கேற்ற தொட்டிலாகிறது.

பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பெரணிகளுள் புதியதைப் பிரித்தறிவது எளிதன்று. இலையின் வடிவம், தண்டின் செதில்கள் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். வித்துத்துகளின் மேலுறையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். மரபணு வரிசையையும் உறவினங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேற்கூறிய குகைப் பெரணிகள் இந்த மூவகைச் சான்றுகளாலும் நிலைநாட்டப்பட்டவை.

இவை போன்ற கண்டுபிடிப்புகள் ஒரு பெரிய வினாவையும் எழுப்பின. குகைகளில் எத்தனை தாவரங்கள் உள்ளன? குவாங்சி, குய்ஜோ, யுன்னான் ஆகிய பகுதிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட குகைகளை ஆராய்ந்த சீன, பிரித்தானிய அறிஞர் குழு, 418 வகைத் தாவரங்களைக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டது. அவற்றுள் ஒரு பகுதி குகைகளுக்கு வெளியே எங்கும் காணப்படாதவை. அவற்றுள் சில ஒருகாலத்தில் வெளியிலும் வாழ்ந்திருக்கக் கூடும் என்பது அக்குழுவின் கருத்து. அவ்வாறாயின் காடுகள் அழிந்தபின் குகையே அவற்றின் புகலிடம். வீட்டில் வைக்க அஞ்சும் நகையை நாம் வங்கிப் பெட்டகத்தில் வைப்பதுபோல, இயற்கை தன் எஞ்சிய உடைமையைக் கல்லறைக்குள் பூட்டி வைத்திருக்கிறது எனலாம். ஆயின் இந்தப் பெட்டகத்திலுள்ளவற்றுக்கு மாற்றுப்படி இல்லை, காப்பீடும் இல்லை.

பெட்டகத்துக்கு வரும் இடர்கள் இரண்டு. முதலாவது, வெளிச்சம். சுற்றுலாவுக்காகக் குகைக்குள் மின்விளக்குகள் பொருத்தப்படும்போது, அவ்வொளியைப் பற்றிக்கொண்டு பாசிகளும் வெளியிலிருந்து வந்த செடிகளும் கற்சுவர்களில் படர்கின்றன. பாதை அமைக்கும் பணியும் மனிதக் காலடியும் அந்திப் பகுதியின் ஈரச் சமநிலையைக் குலைக்கின்றன. இரண்டாவது, சுண்ணாம்புக்கல்லின் மதிப்பு. சிமெண்டின் முதன்மை மூலப்பொருள் அதுவே. நாம் வீட்டுக்கடன் பெற்று எழுப்பும் ஒவ்வொரு சுவரிலும் ஏதோ ஒரு குன்றின் பங்கு இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இது புறம்பான செய்தியன்று. மேகாலயத்தின் ஜைந்தியா மலைகளில் 30 கி.மீ.க்கும் நீளமான கிரெம் லியாட் பிரா என்னும் குகை உள்ளது. அம்மாநிலத்தின் மவ்முலு குகையில் வளர்ந்த கல்முளை ஒன்று 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பருவநிலை மாற்றத்தைத் தன் அடுக்குகளில் பதிந்து வைத்திருந்தது. அதனாலேயே புவி வரலாற்றின் இன்றைய காலகட்டத்துக்கு ‘மேகாலயக் காலம்’ எனப் பன்னாட்டு அறிஞர் அவை 2018இல் பெயரிட்டது. அதே சுண்ணாம்பு வளத்தை நாடிக் கல்வெட்டும் தொழிலும் அம்மலைகளில் நடைபெறுகிறது.

சிமெண்ட் வேண்டாம் என்று எவரும் கூற இயலாது. எந்தக் குன்றை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்பதை வெட்டுவதற்கு முன் ஆராய்ந்து முடிவு செய்ய இயலும். அதற்கு அக்குன்றுக்குள் என்ன வாழ்கிறது என்னும் கணக்கு முதலில் வேண்டும். இருப்பை அறியாமல் செலவைத் தீர்மானிப்பவர் இல்லை. குகையைக் காணச் செல்லும் நாமும் ஒன்றைச் செய்யலாம்: வகுத்த பாதையை விட்டு விலகாது நடந்து, சுவரில் துளிர்த்த பச்சையைத் தொடாது கண்டு திரும்பலாம். அந்தச் சிறு இலைக்கு வேறு வீடு இல்லாதிருக்கலாம்.